பழைய சாக்ஸபோன் கூறும் வரலாறு

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த மணற்கற் கோயில் அது. அங்குள்ள சிற்பங்கள் பலவற்றின்மீது பிற்காலத்தார் சுதை பூசினர். நல்லெண்ணத்தோடு செய்த பணியே. ஆயினும் பல்லவச் சிற்பியின் உளி வேலை அதனுள் மறைந்து போயிற்று. இதே பாடத்தைப் பித்தளையாலான ஓர் இசைக் கருவியும் நமக்குக் கற்பிக்கின்றது. அதுவே சாக்ஸபோன்.

பெல்ஜிய நாட்டுத் தினான் நகரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பார் இதனை உருவாக்கி, 1846இல் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையாயினும் ஒலி பிறப்பது நாணலால் ஆன சீவாளியினால். நாகசுரத்திற்கு இரட்டைச் சீவாளி. இதற்கு ஒற்றைச் சீவாளி. படைகளின் பாண்டு வாத்தியக் குழுக்களும் அரண்மனைக் குழுக்களும் இதனை நம் நாட்டில் ஒலிக்கச் செய்தன. பின்னர்த் திருமண ஊர்வலங்களிலும் இது இடம்பெற்றது.

எங்கள் ஓரிக்கையில் ஒரு வீட்டுப் பரணில் இத்தகைய பழங்கருவி ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பித்தளைக் கடையில் அதனை எடைக்குப் போட்டுவிடலாமா? சரிகையை உரசிப் பாராமல் பட்டுக்கு விலை கூறுவாருண்டோ? இதனையும் ஆராய்ந்தே மதிப்பிடல் வேண்டும்.

முதலில், உடலில் பொறித்த வரிசை எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் நோக்குக. அவ்வெண்ணைக் கொண்டு, செய்த ஆண்டைப் பெரும்பாலும் கணிக்கலாம். அடுத்து, விசைகளின் அமைப்பைக் காண்க. வாய் அகன்ற கீழ்ப்பகுதியின் மூடிகள் பல பழங்கருவிகளில் இடப்பக்கம் இருந்தன. பிரான்சின் செல்மர் நிறுவனம் 1936இல் அவற்றை வலப்பக்கம் மாற்றியது. பிறரும் அதனைப் பின்பற்றினர். 1954இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘மார்க் ஆறு’ என்னும் வகையை இசைவாணர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

மூன்றாவது சுருதி. முற்காலத்தில் ‘உயர் சுருதி’, ‘தாழ் சுருதி’ என இருவகைக் கருவிகள் செய்யப்பெற்றன. இன்றைய பொது அளவாகிய, நொடிக்கு 440 அதிர்வு என்பதோடு இசைவது தாழ் சுருதியே. மற்றது துளைகளின் இடைவெளியிலேயே வேறுபட்டது; எவ்வளவு பழமையானாலும் இன்றைய குழுவில் சேர்ந்து ஒலிக்காது. பழமை மட்டுமே மதிப்பாகாது என்பதை இதனால் அறியலாம்.

நான்காவது மேற்பூச்சு. மங்கிய கருவியை அழுத்தித் தேய்த்து மீண்டும் மெருகிட்டால், செதுக்கு வேலை மழுங்கும், உலோகமும் தேயும். பளபளக்கும் அக்கருவிக்குச் சந்தையில் விலை குறைவு. இறுதியாக, இருட்டறையில் குழலுக்குள் சிறு விளக்கை இறக்கி, மூடிகளை எல்லாம் மூடிப் பாருங்கள். ஒளி கசியும் இடத்தில் காற்றும் கசியும்.

இனி ஒரு வினா. மாற்றம் செய்யப்பெற்ற கருவி அனைத்தும் மதிப்பிழந்ததுதானா? நாகசுரக் கலைஞர் ஒருவரின் மைந்தராக 1949இல் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனைக் குழுவில் இக்கருவியைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். தனித்தனியே நிற்கும் மேனாட்டுச் சுரங்களில் நம் கமகம் வாராது எனப் பலரும் கருதிய நிலையில், விசையமைப்பில் மாற்றங்கள் செய்து அதனை வரவழைத்தார். 1994இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கருநாடக இசை அவர் கருவியில் முழங்கிற்று. காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்துவானாகவும் விளங்கிய அவர் 2019இல் மறைந்தார்.

பழம்பொருள் வணிகர் இத்தகைய மாற்றத்தைக் குறை என்று எழுதக்கூடும். வரலாற்று மாணவனோ அதனைச் சான்று என்று எழுதுவான். ஓர் அயல்நாட்டுக் கருவி நம் இசையைக் கற்றுக்கொண்ட கதை அதில்தான் பதிந்துள்ளது. ஆகவே, பழம்பொருள் எதனையும் தேய்க்குமுன், விற்குமுன், அதனைப் படியுங்கள்.