மூக்கு வழி மருந்தும் தாவர ஜெல்லும்: நாம் அறிய வேண்டியவை

மூக்கு வழியாக மருந்து கொடுப்பது புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மூக்கில் மருந்து இட்டுக்கொண்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அரபியில் இதை ‘ஸஊத்’ என்பர். கோடம்பாக்கத்துக்கு அருகே அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியில் கற்பிக்கப்படும் யூனானி மருத்துவத்திலும் இந்தச் சொல் வழக்கில் உண்டு. சித்த மருத்துவத்தில் இதற்கு நசியம் என்று பெயர்.

மூக்கின் உட்சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. அங்கே படும் மருந்து வயிற்றையும் கல்லீரலையும் சுற்றிவராமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. வலிப்பு வந்த குழந்தையால் மாத்திரை விழுங்க முடியாது. அந்நேரம் மிடசோலம் ஸ்ப்ரே மூக்கு வழியே கொடுக்கப்படுகிறது.

ஜெல் எதற்கு?

மூக்கிலுள்ள நுண்முடிகள் உள்ளே வரும் எதையும் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்களில் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். மருந்தும் அப்படியே போய்விடும். ஒட்டிக்கொள்ளும் ஜெல்லில் கலந்தால் அது கூடுதல் நேரம் தங்கும். ஆப்பிள், எலுமிச்சை வகைப் பழத்தோல்களில் கிடைக்கும் பெக்டின், மூக்கின் ஈரத்திலுள்ள கால்சியம் பட்டதும் ஜெல்லாகிறது. இம்முறையில் தயாரான ‘பெக்ஃபென்ட்’ என்ற புற்றுநோய் வலி ஸ்ப்ரேக்கு 2010-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. நம் சமையலறையில் உள்ள புளியங்கொட்டை, வெந்தயம் ஆகியவற்றின் பசையும் இதற்காக ஆராயப்படுகிறது.

ஹலால் கேள்வி

பிரிட்டனில் குழந்தைகளுக்கு மூக்கில் அடிக்கப்படும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் பன்றி ஜெலட்டின் உண்டு. அதை ஏற்காத பெற்றோருக்கு அது இல்லாத ஊசி தரப்படுகிறது. பொருள் முழுவதும் உருமாறினால் (இஸ்திஹாலா) அதன் சட்டமும் மாறும் என்று 1995-ல் குவைத்தில் கூடிய அறிஞர்கள் கூறினர். இதை ஏற்காத உலமாக்களும் உண்டு. தாவரப் பொருளில் இந்தச் சர்ச்சையே எழாது. ஆனாலும் ‘தாவரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாமல், மற்ற சேர்மானங்களையும் மருந்தாளரிடம் கேளுங்கள்.

நோன்பும் உளூவும்

மூக்கில் இடும் மருந்து உள்ளே சென்றால் நோன்பு முறியும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. தொண்டைக்கு வருவதை விழுங்காவிட்டால் முறியாது என 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி கூறியது. ஸஹருக்கு முன்னும் இஃப்தாருக்குப் பின்னும் மருந்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதே எளிது. முடியாத நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அவசர மருந்தை நோன்புக்காக நிறுத்தக் கூடாது.

உளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்தினால் ஜெல் கழுவப்பட்டுவிடும். எனவே முதலில் உளூ செய்துவிட்டுப் பிறகு மருந்து இடுங்கள்.

வீட்டில் செய்யாதீர்கள்

‘இயற்கைதானே’ என்று கற்றாழைச் சாற்றையோ வெந்தயப் பசையையோ மூக்கில் விடாதீர்கள். மருந்து ஜெல் கிருமி நீக்கி, அளவு பார்த்துத் தயாரிக்கப்படுவது. வீட்டுப் பசை அப்படியல்ல. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். பாட்டிமார்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.