கோத்தகிரி காற்றும் என் குட்டி ஹெலிகாப்டரும்

கோயம்புத்தூரில் ஒழுங்காகப் பறந்த ஹெலிகாப்டர் கோத்தகிரிக்குப் போனதும் மக்கர் பண்ணியது. மனைவியின் அண்ணனுக்கு அங்கே கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பறித்த இலையை எடை போடும் கொட்டகைக்கு முன்னால் ஒரு சின்ன சமதளம். அங்கேதான் என்னுடைய ரிமோட் ஹெலிகாப்டரை எடுத்தேன். பேட்டரியில் ஓடும் பழைய மாடல், ரோட்டார் விட்டம் சுமார் ஒரு மீட்டர். சோம்பலாக எழும்பியது. கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். வால் சட்டென்று ஒரு பக்கம் திரும்ப, வண்டி தேயிலைச் செடி மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னங் மாப்ள, ரிப்பேருங்களா?" என்றார் மச்சான்.

ரிப்பேர் இல்லை, காற்றுதான் காரணம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் அதே எடையை அதே பிளேடு கோணத்தில் தூக்க வேண்டுமானால் ரோட்டார் சுமார் 12 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். கோணத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம்தான். ஆனா மோட்டாருக்குப் பளு ஏறும், உடலைத் திருப்பும் விசையும் ஏறும். அதைத் தடுக்க வேண்டிய வால் ரோட்டாரும் இதே மெல்லிய காற்றில்தானே சுற்றுகிறது? அதனால்தான் வால் கைவிட்டது.

அன்றிலிருந்து மலை ஏறினால், பறப்பதற்கு முந்தின இரவு வண்டியைப் பிரித்துப் போட்டுச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. பாகங்களைத் துடைக்கத் துடைக்க, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடவும் ஆரம்பித்தேன்.

முதலில் ஃப்ளைபார். ரோட்டாருக்குக் குறுக்கே, இரு முனையிலும் சின்னத் துடுப்பு வைத்த எஃகுக் கம்பி. அதைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்ப்பேன். லேசாக வளைந்திருந்தாலும் ஹெலிகாப்டர் முழுக்க நடுங்கும். இரண்டு துடுப்பும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கம்பியின் மூதாதை ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் செய்தது. 1928-ல் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் தன் சொந்த முயற்சியில் சின்னச் சின்ன மாதிரிகளாகவே செய்துகொண்டிருந்தார். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. செய்வார், பறக்கவிடுவார், உடையும், மறுபடி செய்வார். பெரிய ஹெலிகாப்டர் விழுந்தால் ஆளே போய்விடும். சின்னது விழுந்தால் ஒரு பாடம் கிடைக்கும். இப்படித்தான், பிளேடுகளுக்குக் குறுக்கே முனைகளில் எடை வைத்த ஒரு கம்பியைப் பொருத்தினால் ஆட்டம் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். 1941-ல் மாதிரியைப் பெல் நிறுவனத்துக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதிலிருந்து பிறந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று சிவில் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்றது. எடைக்குப் பதில் துடுப்பு என்பது அதே பத்தாண்டில் ஸ்டான்லி ஹில்லர் கொண்டுவந்த யோசனை. இரண்டும் கலந்ததுதான் என் மேசை மேல் கிடக்கும் கம்பி. ஆக, பெரிய ஹெலிகாப்டரைச் சுருக்கிப் பொம்மை செய்தார்கள் என்று நான் நினைத்திருந்தது பாதிதான் சரி. பொம்மையில் கற்றதை வைத்துத்தான் பெரியதையே செய்திருக்கிறார்கள்.

அடுத்தது ஒன்வே பேரிங். ரோட்டாரைக் கையால் ஒரு பக்கம் சுற்றினால் பல்சக்கரத்தை விட்டுத் தனியாகச் சுழலும். மறுபக்கம் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நீலகிரி ஈரத்தில் துரு பிடிக்கும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மோட்டார் நின்றால் ரோட்டார் கூடவே நின்றுவிடாமல், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றால் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுழற்சியை வைத்துத்தான் மெதுவாகத் தரையிறக்க முடியும்.

இதற்கும் ஒரு கதை உண்டு, அதில் இந்தியாவும் வருகிறது. இமயமலையில் பறக்க இந்திய ராணுவத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் தேவைப்பட்டது. பிரான்சில் அலுவெட் 2-ன் உடலில் அலுவெட் 3-ன் எஞ்சினைப் பொருத்தி லாமா என்ற ஹெலிகாப்டரைச் செய்தார்கள். 1969 மார்ச்சில் அது முதன்முதலாகப் பறந்தது. பெங்களூரில் ஹெச்ஏஎல் அதையே 'சீட்டா' என்ற பெயரில் தயாரித்தது. 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே என்ற விமானி லாமாவில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. அங்கிருந்து தரைவரை, எஞ்சின் இல்லாமல், தானாகச் சுழலும் ரோட்டாரை மட்டும் நம்பி இறங்கினார். அந்தச் சுழற்சிக்கு வழிவிட்டதும் இதே வேலையைச் செய்யும் ஒருவழிக் கிளட்ச்தான். அதைப் படித்த பிறகு நான் அந்தப் பேரிங்கை ஒரு தடவைகூடச் சோதிக்காமல் விட்டதில்லை.

எல்லாம் பார்த்து முடித்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48-க்கு சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூருக்குப் பக்கத்தில், காட்டேரி அருகே நஞ்சப்பாசத்திரத்தில் அது விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் இறந்தார். இயந்திரக் கோளாறோ, நாசவேலையோ, அலட்சியமோ காரணமில்லை என்றது விசாரணை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. அனுபவமுள்ள விமானிகள். அப்படியிருந்தும் நடந்தது.

என் பொம்மையை அதோடு ஒப்பிடவில்லை. ஆனா மலைக்காரர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். என்னுடையது கண்ணால் பார்த்து ஓட்டும் வண்டி. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நொடி தெரியாமல் போனாலும் முடிந்தது கதை. 2021 ட்ரோன் விதிகளும் மாதிரி விமானங்களைக் கண்பார்வைக்குள்தான் இயக்கச் சொல்கின்றன. அதனால் என் சோதனைப் பட்டியலில் திருகாணி, பேரிங், பேட்டரிக்கெல்லாம் மேலே முதல் வரி இதுதான்: பள்ளத்தாக்கில் பனி ஏறுகிறதா?

போன தடவை நாலு நிமிடம்தான் பறந்திருக்கும். கீழே சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் வெளுக்க ஆரம்பித்தது. இறக்கிவிட்டேன்.

"ஏனுங் மாப்ள, சார்ஜ் இன்னும் பாதி இருக்குதுங்களே?" என்றார் மச்சான்.

"இருக்கட்டுங்க மச்சான்" என்று பேட்டரியைக் கழற்றினேன்.