பாசறை பட்டறையான கதை

குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு முன்னாள் பெயர் ஜக்கதளா. சமவெளியின் வெயில் தாங்காத வெள்ளைச் சிப்பாய்களுக்கென்று 1850-களில் அங்கே பாசறை எழுந்தது. கல் சுமந்தவனின் பெயரை எவரும் பொறித்து வைக்கவில்லை. திப்புவை வீழ்த்திய படையில் நின்று, பின்னர் வாட்டர்லூவில் வென்ற கோமகனின் பெயர் மட்டும் ஊருக்கே சூட்டப்பட்டது. வெள்ளையன் போனான், பாசறை போகவில்லை. குவெட்டாவில் இருந்த படை அதிகாரிகள் கல்லூரி 1947-இல் பிளவுபட்டபோது இந்தியப் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமும் அங்கேதான். பக்கத்தில் அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக இயங்குகிறது. இருக்கட்டும், நாட்டுக்குப் படை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறொன்று: படை விட்டுவிலகும் இடம் எவர் கைக்குப் போகிறது?

அதற்கும் நீலகிரியிலேயே ஒரு விடை உண்டு. 1857-இல் இலட்சுமணபுரி முற்றுகையில் மாண்ட ஹென்றி லாரன்ஸின் நினைவாக, வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று 1858-இல் உதகையில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் லவ்டேலில் இராணுவப் பள்ளியாக விளங்கியது. 1949-இல் அது பாதுகாப்புத் துறையின் கையிலிருந்து கல்வித் துறைக்கு மாறியது. யாருக்குக் கல்வி? சுற்றிலும் தேயிலை பறிப்பவளின் மகனுக்கா, உருளைக்கிழங்கு தோண்டுபவனின் மகளுக்கா? சீமான்களின் செல்வங்களுக்கு! சிப்பாய் மகன் போய்ச் சீமான் மகன் வந்தான். கட்டடம் அப்படியே நின்றது.

அதே 1949-ஆம் ஆண்டு, பம்பாய்க்கு அருகே இன்னொரு படைமுகாம் கைமாறியது. அந்தக் கதையைத்தான் நம் தோழர்கள் கருத்தூன்றிப் படிக்கவேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, கடல் கடந்து போகும் படைகளும் வரும் படைகளும் தங்குவதற்காகக் கல்யாணை அடுத்து ஒரு முகாம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, கொட்டகைகள் வெறிச்சோடின. 1947-இல் நாடு இரண்டுபட்டபோது சிந்துவைவிட்டு வந்தவர்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அந்தக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டனர். நீண்ட கொட்டகையில் துணியைத் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு மூலை என்று வாழ்ந்தனர். 1949 ஆகஸ்ட் 8-ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரல் ஆச்சாரியார் அங்கே நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரால் உல்லாஸ்நகர் ஆயிற்று. ஆனாலும் மக்கள் நாவில் இன்றும் அது முதல் முகாம், இரண்டாம் முகாம் என்று ஐந்து முகாம்தான்.

பெண்கள் அப்பளம் இட்டார்கள். ஆண்கள் அதைக் கூடையில் வைத்து மின்சார ரயிலில் விற்றார்கள். பின்னர் மிட்டாய், மரச்சாமான், அச்சகம், மின்பொருள், துணி, ஜீன்ஸ் என்று தொழில் கிளைத்தது. சிப்பாய் படுத்துறங்கிய இடத்தில் தையல் இயந்திரம் ஓடியது. "யு.எஸ்.ஏ. தயாரிப்பு" என்று முத்திரை குத்தி விற்றார்களாம், கேட்டால் "உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்" என்பார்களாம்! குறும்புதான், போலிச்சரக்கு என்ற பழியும் அந்த ஊருக்கு உண்டு. நெரிசலும், அனுமதியற்ற கட்டடங்களும், ஜீன்ஸ் சாயத்தால் கறுத்த வால்துனி ஆறும் உண்டு. சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. எனினும் அகதிமுகாம் என்று பிறந்தது 2011 கணக்கெடுப்பில் ஐந்து இலட்சம் மக்களின் தொழில் நகரமாக நின்றது.

இது எப்படி நடந்தது? "வணிகம் சிந்தியரின் இரத்தத்தில் ஊறியது" என்பார்கள். இரத்தத்தில் கணக்குப் புத்தகம் ஊறுமா? பிறப்போடு தராசு வருமா? அவர்கள் எழுத்தறிவோடு வந்தார்கள், சந்தையை அறிந்து வந்தார்கள். அது பள்ளியும் பழக்கமும் தந்தது. பம்பாய் என்னும் பெருஞ்சந்தை ரயிலில் போய்வரும் தொலைவில் இருந்தது. இவற்றைவிட முதன்மையானது ஒன்று: 1954-இல் இழப்பீடு, மறுவாழ்வுச் சட்டம் வந்தது. விட்டுவந்த சொத்துக்கு இழப்பீடு கிடைத்தது. குடியிருந்த கொட்டகை குடியிருந்தவனுக்கே உரிமையாக வழி பிறந்தது. தன் சுவர் என்று ஆன பிறகுதான் அதில் ஆணி அடித்து மனிதன் கடை போடுகிறான்.

இதிலே ஒரு வேடிக்கை. கல்யாணில் அடிக்கல் நாட்டிய அதே ஆச்சாரியார், 1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்து, பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படித்து, மறு அரைநாள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் முழங்கினார், நாடே கொதித்தது, 1954-இல் ஆச்சாரியார் பதவி விலக, காமராசர் அத்திட்டத்தைக் குப்பையில் போட்டார். சிந்துவில் அலுவலராக இருந்தவர் முகாமில் பட்டறை வைக்கலாம், குலம் குறுக்கே நிற்காது. சவரத் தொழிலாளியின் மகன் மட்டும் சவரக்கத்தியைப் பிடிக்கவேண்டுமா?

இப்போது மீண்டும் மலைக்கு வருவோம். இங்கேயும் அகதிகள் வந்தார்கள். இலங்கையில் நூறாண்டுக்கு மேல் காடு திருத்தித் தேயிலை வளர்த்த தமிழரின் குடியுரிமை 1948-இல் பறிபோனது. 1949-இல் வாக்குரிமை போனது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று ஆடுமாடுகளைப் போல் பங்கிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல் ஏறி, மண்டபம் முகாமைக் கடந்து, வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அரசு தந்தது தொழில்கடன்: சில ஆயிரம் ரூபாய். கடை வைத்துப் பிழை என்றார்கள். தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவதைத் தவிர வேறு எதையும் பழக விடப்படாதவன், அறியாத ஊரில், தனியனாய், எதை வைத்துப் பிழைப்பான்? தரகன் தின்றது போக மிஞ்சியது வயிற்றுக்குப் போயிற்று. அவன் விட்டுவந்த சொத்துக்கு இழப்பீடு கேட்கவும் வழியில்லை. லயன் வீடு துரையின் வீடன்றோ!

கடை வைக்க இயலாதவர்கள் அறிந்த தொழிலைத் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். அரசும் 1968 முதல் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் தேயிலைத் தோட்டம் அமைத்து அவர்களுக்கு வேலை கொடுத்தது. பின்னர் அது டேன்டீ என்னும் கழகம் ஆயிற்று. வேலை கொடுத்ததை நாம் பாராட்டுகிறோம்; பட்டினியிலிருந்து காத்த செயல் அது. ஆனால் என்ன கொடுத்தார்கள்? கண்டியில் விட்டுவந்த அதே லயன், அதே கூடை, அதே பிரட்டுக்களம். நிலம் வனத்துறையினுடையது, வீடு கழகத்தினுடையது, முதுகு தொழிலாளியினுடையது. கல்யாணில் அகதி உடைமையாளனானான். நீலகிரியில் அகதி மீண்டும் கூலியானான்.

1968-இல் கன்று நட்டவர்கள் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார்கள். வேலை முடிந்தால் வீட்டைக் காலிசெய் என்பது தோட்டத்துச் சட்டம். 2022-இல், இழப்பில் நடக்கிறது என்று சொல்லி, டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது மலையெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு வீடு கட்டித்தரும் அறிவிப்பும் வந்தது, நன்று. ஆனால் வீடு மட்டும் போதுமா? கல்யாணில் கொட்டகை மட்டுமா கைமாறிற்று? அங்கே திண்ணையே கடையாகவும், பின்கட்டே பட்டறையாகவும் ஆக முடிந்தது, அந்த மண் அவர்களுடையதாக இருந்ததால். இங்கே குடியிருக்கும் லயனுக்கும் அதை ஒட்டிய துண்டு நிலத்துக்கும் தொழிலாளியின் பெயரில், அவன் மனைவியின் பெயரையும் சேர்த்து, பட்டா வேண்டும் என்கிறோம். காட்டு நிலத்துக்குப் பட்டா இல்லை என்று அலுவலகம் விடை சொல்கிறது. ஜக்கதளாவில் பாசறைக்கு இடம் வேண்டியிருந்தபோது அந்த விடையை எவரும் சொல்லவில்லை.