தேக்கடிப் படகு

அணையும் காட்டு மிருகமும் ஒட்டிக் கிடப்பது உடுமலைப்பேட்டைக்காரர்களாகிய எங்களுக்குப் புதிதல்ல. 1957-ல் அமராவதி அணையைக் கட்டியது வயலுக்காக. முதலைகளோ அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. 1970-களில் அவற்றின் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்க்க அங்கே ஒரு பண்ணையும் ஏற்பட்டது. ஆனாலும், வந்த விருந்தாளி, "யானை பார்க்கவேண்டும்" என்று ஆசைப்பட்டால், மூணாறு வழியாகத் தேக்கடிக்குத்தான் அழைத்துப் போகிறோம். உட்கார்ந்தபடி படகிலிருந்தே பார்க்கலாம் அல்லவா?

அந்த ஏரியும் யானைக்காக உண்டானதல்ல. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, வறண்டு கிடந்த மதுரைச் சீமைக்குத் திருப்பவேண்டும் என்பது சென்னை ராஜதானியின் நெடுநாள் எண்ணம். 1886-ல் திருவிதாங்கூரோடு குத்தகை எழுதினார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 ஆண்டு! (இப்படி ஒரு குத்தகையை எங்கள் ஊர்ப் பண்ணையக்காரர் யாராவது கேட்டால் சிரித்துவிடுவார்.) அடுத்த வருஷம் பென்னிகுக் துரை வேலையைத் தொடங்கினார். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினார். கூலியாட்கள் காய்ச்சலில் செத்தார்கள். 1895-ல் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கிற்று.

பின்னால் தேங்கிய நீரில் காடு நின்றபடியே மூழ்கியது. அந்த மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. பாம்புத் தாராவும் நீர்க்காகமும் அவற்றின் மேல் சிறகை விரித்து ஈரம் உலர்த்தும். கோடையில் நீர் வற்ற வற்றக் கரையில் இளம் புல் தழைக்கும். மேயவும் குடிக்கவும் யானை, காட்டெருமை, மிளா எல்லாம் இறங்கி வரும். படகுச் சத்தம் அவற்றுக்குப் பழகிப் போய்விட்டது. பெரும்பாலும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதுகூட இல்லை.

முதலில் அங்கே துப்பாக்கிதான் போயிற்று. காட்டெருமைத் தலையைச் சுவரில் மாட்டுவதே பெருமையாக இருந்த காலம் அது. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்தில்தான் மனம் மாறிற்று. ராபின்ஸன் என்ற துரை வனவிலங்குக் காவலராக அமர்ந்தார். 1934-ல் ஏரியைச் சுற்றிய காடு சரணாலயமாயிற்று. கரையில் இடப்பாளையத்தில் மகாராஜாவின் மாளிகை ஒன்று உண்டு; பின்னால் அது ஹோட்டலாகிவிட்டது. 1950-ல் சரணாலயம் 777 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1978-ல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. வேட்டைக்காரன் இடத்தில் டிக்கெட் வாங்கிய நாம் வந்து உட்கார்ந்தோம்.

கண்ணுக்கும் ஒரு வேட்டை ஆசை இருக்கிறது போலும். 2009 செப்டம்பர் 30-ந் தேதி மாலை, 'ஜலகன்யகா' என்ற ஈரடுக்குப் படகு கவிழ்ந்தது. கேரள அரசின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமான புதுப் படகு. 45 பேர் மாண்டார்கள். கரையில் மிருகங்களைக் கண்டதும் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று செய்தி வந்தது. படகின் அமைப்பிலேயே கோளாறு என்றும் பேசிக்கொண்டார்கள். விசாரணைகள் நடந்தன. எனக்கோ அந்த 'எல்லோரும்' என்ற சொல்தான் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று நான் அங்கே இருந்திருந்தால் எழுந்து ஓடாமல் இருந்திருப்பேனா?

அதற்குப் பிறகு உயிர்காக்கும் சட்டை இல்லாமல் படகில் ஏற முடியாது. அவரவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் கூடாது. நான் போன கோடையில் போனேன். ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரும் மொட்டை மரமுந்தான். அலுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். திடீரென்று வளைவில் ஐந்தாறு யானைகள். நடுவே ஒரு குட்டி. எனக்கு முன் வரிசையில் இருந்த சிறுவன் துள்ளி எழுந்தான். அவன் பாட்டி, பேச்சிலேயே தெரிந்தது நம் பக்கத்து அம்மாள், ஆரஞ்சுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு சாமி, உக்காரு. ஆனை எங்கீம் போயிராது."

குட்டி மறு கரையைப் பார்த்துத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மட்டும் சட்டையைப் பிடித்த கையை விடாமல், கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.