ஆனைகட்டியின் ‘னை’யும் 1999 மார்ச் 2ஆம் நாளும்: அஞ்சல் மென்பொருள் சோதனையில் வேறுபாடு நீக்கலின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். பெயரைத் தமிழிலும் இட வேண்டிய படிவம் அது. ஆனைகட்டியில் இருந்தபடி கைபேசியில் முதற்படிவத்தை நிரப்பினேன். இரண்டாம் படிவத்தைக் கோவையில் ஒரு கணினி மையத்தில் நிரப்பினேன். சில நாள் கழித்து வந்த தானியங்கி மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி: பெயர் பொருந்தவில்லை. இரு படிவங்களையும் அச்சிட்டு அருகருகே வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. காரணம் பிறகுதான் விளங்கியது. என் பெயரில் ஓர் ஓகார உயிர்மெய் உண்டு. கைபேசி அந்த ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேமித்திருந்தது. மையத்துக் கணினி இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்திருந்தது. விளக்கம் எழுதி அனுப்புவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

இழப்பு சிறியதுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி சிறியதன்று. இரண்டு எழுத்துத் தொடர்கள் ‘ஒன்றே’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது? எந்த வேறுபாடு பொருளற்றது, எது பொருளுடையது? சுவடிப் பதிப்பாசிரியர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வியோடு வாழ்ந்தவர்கள். அதே கேள்வியை முற்றிலும் வேறொரு துறையினர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இங்கே எழுத விரும்புகிறேன். அத்துறை, அஞ்சல் வழங்கி மென்பொருளைத் தானியங்கு முறையில் சோதிக்கும் துறை.

1. ஒரே வேலை, ஒவ்வொரு முறையும் வேறு தடம்

மின்னஞ்சல் வழங்கி என்பது அஞ்சலகம் போன்றது. வந்த மடலை வாங்கி, வரிசையில் வைத்து, முகவரி பார்த்து, அடுத்த நிலையத்திற்கு அனுப்பும். அதற்கான பரிமாற்ற நெறியை ஜான் போஸ்டல் 1982இல் வகுத்தார். ஆர்எஃப்சி 821 என்பது அந்த ஆவணத்தின் எண். இந்தியாவில் 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் திட்டத்தின் வழியாக ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றிடையே மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பு கிடைக்கும்போது மொத்தமாக அனுப்புவதும், கிடைக்காதபோது வரிசையில் காத்திருப்பதுமே அன்றைய நடைமுறை. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

அதே 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிச் சேவைப் பிரிவில் பிலிப் ஹேசல் தம் பல்கலைக்கழகத்தின் தேவைக்காக ஓர் அஞ்சல் மென்பொருள் எழுதத் தொடங்கினார். அதன் பெயர் எக்ஸிம். பின்னர் அது உலகின் மிகப் பெரும் எண்ணிக்கையிலான அஞ்சல் வழங்கிகளில் ஓடியது. நம் பொருளுக்கு உரியது அந்த மென்பொருளைக் காட்டிலும் அதனுடன் வளர்ந்த சோதனைத் தொகுதியே.

சோதனையின் கோட்பாடு எளியது. ஒரு மடலை அனுப்பு. மென்பொருள் எழுதும் பதிவேட்டையும், பெட்டியில் சேர்ந்த மடலையும், திரையில் தோன்றும் செய்தியையும் திரட்டு. சரியென்று முன்னரே ஏற்றுச் சேமித்த படியோடு ஒப்பிடு. ஒரு வரி மாறினாலும் நின்று சொல். இதில்தான் இடர்ப்பாடு. அஞ்சல் மென்பொருள் தான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் நேரத்தை இடுகிறது. மடலுக்கு இடும் அடையாள எண், நேரத்தையும் இயக்க அமைப்பு தரும் செயல் எண்ணையும் கொண்டு உருவாகிறது. கணினியின் பெயர், இணைய முகவரி, சோதிப்பவரின் பயனர் பெயர், கோப்பு இருக்கும் அடைவு என அனைத்தும் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு பேருக்கு ஒரே மடல் போனால் யாருக்கு முதலில் சேர்ந்தது என்பதும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். மென்பொருளில் ஒரு பிழையும் இல்லாதபோதே இரண்டு ஓட்டங்களின் வெளியீடு ஒருபோதும் ஒன்றாக இராது.

2. அழியாத ஒரு செவ்வாய்க்கிழமை

தீர்வு, ஒப்பிடுமுன் வெளியீட்டைச் சமன்செய்வது. பேர்ல் மொழியில் எழுதப்பட்ட ஓட்டுநிரல், ஒவ்வொரு வரியையும் படித்து, மாறக்கூடிய பகுதிகளை மாறாத குறிகளாக மாற்றி எழுதுகிறது. செயல் எண் இருந்த இடத்தில் ஒரு நிலைத்த குறி வரும். பயனர் பெயர் இருந்த இடத்தில் ‘அழைப்பவர்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். கணினியின் மெய்யான முகவரிக்கு ஒரு பொதுக்குறி. இணையப் பெயர்களைத் தேடி வெளியே போனால் விடை மாறும் என்பதால், சோதனைக்கென்றே ஒரு போலிப் பெயர் வழங்கியும் எழுதிச் சேர்க்கப்பட்டது. அது எப்போதும் ஒரே விடையைச் சொல்லும்.

நேரத்திற்கு ஒரு நிலைத்த நாள் தேர்ந்துகொள்ளப்பட்டது: 1999 மார்ச் 2, காலை 9 மணி 44 நிமிடம் 33 நொடி. எந்த ஆண்டு, எந்த நாட்டில் சோதனை நடந்தாலும், சமன்செய்த பதிவேட்டில் அது அந்தச் செவ்வாய்க்கிழமையே.

மடல் அடையாளமும் அவ்வாறே. முதல் மடலின் அடையாளம் எப்போதும் ‘1, 0, எச், எம், ஏ, எக்ஸ்’ என்னும் ஆறு குறிகளில் தொடங்கும். எக்ஸிமில் இந்த ஆறும் 62ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதிய நேரம். 1970 தொடக்கத்திலிருந்து கழிந்த நொடிகள். ஓர் இரவு அதைத் தாளில் விரித்துக் கணக்கிட்டேன். 92,03,71,185 நொடிகள் வந்தன. நாட்காட்டிக்கு மாற்றினால் 1999 மார்ச் 2, உலகப் பொது நேரம் 10 மணி 39 நிமிடம் 45 நொடி! நிலைத்த நேரத்திற்கும் இதற்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இல்லை. கல்வெட்டில் ஆட்சியாண்டைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு. பொருளற்றதென்று ஒதுக்கப்பட்ட குறிக்குள்ளும் ஒரு வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன்னிச்சையாக இடப்பட்ட எண்ணாக இதைக் கொள்ள இயலவில்லை. அந்நாளில் ஓடிய ஓர் ஓட்டத்தின் எச்சம் என்பதே என் ஊகம்.

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் அந்த நாள் எங்கே விழுகிறது? 1999 பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, எழுத்துருக் குறியேற்றங்கள் ஆளுக்கொன்றாய்க் கிடந்த நிலையைச் சீராக்க டாம், டாப் என்னும் இரு தரங்களைப் பரிந்துரைத்தது. ஒரே மடல் ஒருவர் திரையில் தமிழாகவும் இன்னொருவர் திரையில் குப்பையாகவும் தோன்றிய காலம் அது. எழுத்து நிலையில் சீர்மையை நாம் தேடிக்கொண்டிருந்த அதே பருவம், அந்தச் சோதனைத் தொகுதியில் உறைந்து நிற்கிறது.

3. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழ் மடல் இந்தச் சோதனையில் நுழையும்போது இடர்ப்பாடு இன்னும் கூர்மையாகிறது. 1982இன் நெறி 128 குறிகளை மட்டுமே அறிந்தது. பிற எழுத்துகளை அந்தக் குறிகளுக்குள் பொதிந்து அனுப்பும் மைம் முறை 1992இல் வந்தது. ஆனால் பொதியும் வழிகள் இரண்டு.

‘ஆனைகட்டி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது 8 குறியெண்கள். யுடிஎஃப்-8இல் 24 பைட்டுகள். மடலின் தலைப்பு வரியில் இதை பேஸ்64 வழியில் பொதிந்தால் உறையோடு சேர்த்து 44 குறிகள் ஆகும். மற்றொரு வழியில் ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று குறிகள் வீதம், உறையோடு 84 குறிகள். ஒரு பொதியின் உச்சவரம்போ 75. ஆகவே நம் ஊர்ப் பெயர் இரண்டாக உடைந்தே பயணம் செய்யும்; உடைக்கும் இடமும் ஓர் எழுத்துக்குறியின் பைட்டுகளுக்கு நடுவே விழக் கூடாது. இரண்டும் சரியான பொதிகள். வரி வரியாக ஒப்பிடும் சோதனைக்கு அவை வெவ்வேறு, படிப்பவருக்கு ஒன்றே.

‘கோவை’ என்று எழுதினால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதினால் 12 பைட்டுகள். கொம்பும் காலுமாகப் பிரித்தெழுதினால் 15. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு அறிவித்து, ஒன்றுசேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் முறையையும் வகுத்திருக்கிறது. 2012இல் வெளிவந்த பன்மொழி மின்னஞ்சல் நெறிகள் அம்முறையைப் பரிந்துரைக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற மென்பொருள்கள் 2015ஐ ஒட்டி அந்நெறிகளை ஏற்கத் தொடங்கின. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்னும் தமிழ்ப் பெயர்வெளிகளும் இன்று உண்டு. எனினும் முகவரியில் ‘@’ குறிக்கு முன்னுள்ள பகுதியை எப்படிப் படிப்பது என்பது பெறும் வழங்கியின் உரிமை. இரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளாத வழங்கியில் ‘கோ’வில் தொடங்கும் பெயருடையவரின் மடல் திரும்பிவிடும்.

சோதனை எழுதுபவர் எதிர்கொள்ளும் இருமுனைக் கத்தி இதுவே. ஒப்பிடுமுன் இரு ஓகாரங்களையும் சமன்செய்துவிட்டால் சோதனை அமைதியாகத் தேறும். மென்பொருள் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பிழை என்றும் வெளிவராது. சமன்செய்யாவிட்டால் பொதிமுறை மாறும்போதெல்லாம் சோதனை வீணாக அலறும். அடிக்கடி வீணாக அலறும் சோதனையை யாரும் நம்பார்.

4. சமன்செய்தலின் விலை

எக்ஸிம் தொகுதியில் பதிவேட்டு வரிகளை வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் நடக்கும் பட்டுவாடாக்களுக்கு அது இன்றியமையாதது. ஆனால் ‘முன்பு’, ‘பின்பு’ என்பதையே அது அழித்துவிடுகிறது. வரிசை பொருளுடைய சோதனையில் அதை இட்டால் சாட்சியைக் கலைத்ததாகும்.

வேறுபாடு தென்பட்டதும் ஓட்டுநிரல் நின்று, தொடரவா, புதிய வெளியீட்டையே சரியான படியாக ஏற்கவா என்று கேட்கும். களைத்த ஒருவர் காரணம் பாராமல் ஏற்றுவிட்டால், அன்றைய பிழை நாளைய இலக்கணம்.

இன்னொன்று நுட்பமானது. சோதனையின்போது எக்ஸிமுக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியும். அதற்கென ஓர் அடையாளம் நிரலுக்குள்ளேயே எழுதப்படுகிறது. அதைக் கண்டு சில இடங்களில் அது சற்று வேறாக நடந்துகொள்ளும். வெளியீடு நிலையாக இருக்க இது உதவுகிறது. ஆயினும் ஆய்வாளர் வந்திருப்பதை அறிந்த களத்தகவலர் போல, சோதிக்கப்படும் பொருளும் நாள்தோறும் ஓடும் பொருளும் முழுக்க ஒன்றல்ல.

2019 ஜூனில் எக்ஸிமின் 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் கடும் பாதுகாப்புப் பிளவு ஒன்றை க்வாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டனர். முகவரிக்குள் கட்டளையைப் புதைத்து வழங்கியையே கைப்பற்ற இயலும் நிலை. பிப்ரவரியில் வந்த 4.92இல் அது ஏற்கெனவே அடைபட்டிருந்தது. ஆனால் அடைபட்டது பாதுகாப்புப் பிளவு என்று அப்போது யாரும் அறியவில்லை. எதிர்பார்த்த வெளியீட்டோடு ஒப்பிடும் சோதனை, யாரும் எதிர்பாராத உள்ளீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. சீர்மை நம்பிக்கையைத் தரும், முழுமையைத் தராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023இல் 4.97 பதிப்பு மடல் அடையாளத்தை 16 குறிகளிலிருந்து 23 குறிகளாக நீட்டியது. அடையாளம் எங்கெங்கே தோன்றுகிறது என்பதைச் சமன்செய்யும் விதிகளும் சேமித்த படிகளும் முன்னரே வரையறுத்திருந்ததால்தான், இவ்வளவு அடிப்படையான மாற்றத்தை வரி வரியாகச் சரிபார்க்க முடிந்தது.

5. நம் மரபில் இதே வினை

புள்ளியிடாத ஓலை, எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வடிவ வேறுபாடு இல்லை, காலுக்கும் ரகரத்திற்கும் இல்லை. இச்சுவடிகளிலிருந்தே 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். புள்ளியின்மை எழுதுபழக்கம் என்று கொண்டு அதைச் சமன்செய்தனர். சொல்லே மாறுமிடத்தில் சமன்செய்யாமல் பாடவேறுபாடாகக் குறிக்கும் வழக்கத்தைச் சாமிநாதையர் தம் பதிப்புகளில் வளர்த்தெடுத்தார். எதை நீக்கினோம் என்பதைப் படிப்பவர் அறிய முடிந்ததுதான் அப்பதிப்புகளின் நேர்மை.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்குச் சான்று. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் வரை ‘ஆனைகட்டி’யின் ‘னை’ தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவத்தில் அச்சானது. யானையின் பெயரில் ஒரு தும்பிக்கை! இன்று அது இல்லை. யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியெண்கள்தாம். வேறுபாடு எழுத்துருவில் மட்டும். ஆக, இந்த ஊரின் ‘னை’ கண்ணுக்கு இரண்டு, கணினிக்கு ஒன்று. அருகிலுள்ள கோவையின் ‘கோ’ கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

தமிழ்த் தரவுகளைத் தொகுக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். சொற்பட்டியல், கல்வெட்டுத் தரவு, களப்பணிப் பெயர்ப்பட்டியல் என எதை ஒப்பிட்டாலும் முதலில் சமன்செய்யுங்கள், அது இழுக்கன்று. ஆனால் மூலப் படியை அழிக்காதீர்கள். எவ்விதிகளால் சமன்செய்தீர்கள் என்பதைத் தனியே எழுதி ஆய்வேட்டில் சேருங்கள். ஒரு விதியைச் சேர்க்குமுன், இவ்வேறுபாட்டை நீக்கினால் மறையக்கூடிய பிழை எது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரியை எழுத இயலாவிட்டால் அவ்விதியைச் சேர்க்கும் நேரம் இன்னும் வரவில்லை.

என் விண்ணப்பத்தை ஒப்பிட்ட நிரலை எழுதியவர் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால், இரண்டு ஓகாரங்கள் உண்டு என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.