பட்டினி யார் பங்கு? தென்காசி மலையடிவாரத்திலிருந்து தேவ பராமரிப்பு பற்றி ஒரு வாசிப்பு

'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பது தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அன்றாடப் பேச்சு. கடன் தவணைக்கும் அதே சொல், மகள் கல்யாணத்துக்கும் அதே சொல், மருத்துவர் கைவிரித்த பிறகும் அதே சொல். ஆய்வாளர்கள் இதை இரண்டு விதமாகப் பார்ப்பதுண்டு. சிலருக்கு இது கையாலாகாதவரின் ஆறுதல். சிலருக்குப் பக்தியின் உச்சம். இரண்டு பார்வையும் நம்புகிறவரின் மனத்தை மட்டுமே அளக்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் திருச்சபை வரலாற்றை வைத்துப் பார்த்தால் வேறொரு கேள்விதான் பொருத்தமானது என்பது என் வாதம்: எதிர்பார்த்த உதவி வராத நாளில் பட்டினி கிடப்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு முதல் சாட்சி ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). தென்காசிக்குக் கிழக்கே உள்ள உக்கிரன்கோட்டையில் பிறந்து, பாளையங்கோட்டையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) மிஷனரியான ரேனியுஸ் ஐயரிடம் படித்தவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸுடன் இளம் வயதிலேயே சேர்ந்துகொண்டார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் பல் மருத்துவராக நன்றாகச் சம்பாதித்தவர்; அதையெல்லாம் விட்டுவிட்டுப் பாக்தாத் போனவர்; அங்கே 1831இல் கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்தவர். பிரிஸ்டலில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் மணந்தது குரோவ்ஸின் தங்கையைத்தான். யாரிடமும் பணம் கேட்காமல் தேவனிடம் மட்டும் கேட்பது என்று முல்லர் கடைப்பிடித்த கொள்கைக்குக் குரோவ்ஸ் 1825இல் வெளியிட்ட சிறுநூலும் ஒரு தூண்டுதல். ஆக, இன்று நம் ஊர்ப்புறங்களில் 'விசுவாச ஊழியம்' என்று சொல்லப்படும் சம்பளமில்லாப் பணிக்கு ஏறத்தாழ இருநூறு வயதாகிறது. அதன் தொடக்கக் காலத்திலேயே ஒரு தமிழர் இருக்கிறார்.

மிஷன் சம்பளம் அருளப்பனுக்கு எட்டாத ஒன்றல்ல. அவர் வேண்டாம் என்றார். 1840களில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம் என்று மலையை இடப்பக்கம் வைத்து வடக்கே போகிற வழியில் அந்தப் பகுதி வருகிறது. அந்தக் காலத்து உபதேசியார் என்பவர் மிஷனரியிடம் மாதச் சம்பளம் வாங்குகிறவர். அவர் எங்கே போகவேண்டும், என்ன பேசவேண்டும் என்பதையும் அந்தச் சம்பளமே தீர்மானித்தது. சம்பளத்தை மறுத்தபோது அருளப்பன் அந்த அதிகாரத்தையும் சேர்த்தே மறுத்தார். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் சாதாரண விசுவாசிகள் கூலியில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்ததை சி.எம்.எஸ். மிஷனரிகளே வியந்து பதிவு செய்திருக்கிறார்கள். மிஷனரிகள் வியந்தது அந்த எழுப்புதலின் பரவச நிலைகளைக் கண்டு மட்டுமல்ல, இந்தச் சம்பளமின்மையைக் கண்டும்தான் என்பது கவனிக்கத்தக்கது.

சம்பளத்தை மறுத்தாலும் பண உதவி இங்கிலாந்து நண்பர்களிடமிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அருளப்பன் சுதந்தரமாக இருந்தார், ஆனால் தனித்து இருக்கவில்லை. அவருடைய நாட்குறிப்புகளை 1939இல் நூலாக்கிய ஜி.எச். லாங் இதே விசுவாசக் கொள்கையைச் சார்ந்தவர். கொள்கை வென்ற கதையாகவே அவற்றைத் தொகுத்தார். இன்று அந்த நூலை வாசிக்கும்போது பதிப்பாசிரியரின் கையையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். குரோவ்ஸின் கதையோ அவ்வளவு சுபமாக முடியவில்லை. சித்தூரில் அவர் தொடங்கிய பட்டுத்தொழில் நொடித்து அவரைக் கடனில் தள்ளியது. விசுவாசத்தால் வாழ்தல் பற்றி எழுதியவரே கடன்காரர் ஆனதைப் பக்தி நூல்கள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அது அவரை இன்னும் நம்பகமானவராக ஆக்குகிறது.

ரேனியுஸின் கதை வேறு வகை. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளை விமரிசித்து எழுதியதற்காக சி.எம்.எஸ். 1835இல் அவரை விலக்கியது. சபைகள் அழைக்க அவர் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்தார். அவரோடு நின்ற உபதேசியார்களுக்குச் சங்கத்துச் சம்பளம் நின்றுபோயிற்று. 1838இல் அவர் இறந்ததும் பெரும்பாலோர் சி.எம்.எஸ். பக்கமே திரும்பினார்கள். இதை விசுவாசக் குறைவு என்று சொல்வது எளிது. ஆனால் அருளப்பன் தன் சோற்றைப் பணயம் வைத்தார். இங்கே ஒருவருடைய முடிவுக்குப் பல குடும்பங்களின் சோறு பணயமாயிற்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

வேதாகமத்தில் இதற்கு நேரான இடம் முதலாம் இராஜாக்கள் 17ஆம் அதிகாரம். பஞ்ச காலத்தில் எலியா கேரீத் ஆற்றங்கரையில் ஒளிந்திருக்கிறார். காகங்கள் உணவு கொண்டுவருகின்றன. பிறகு மழையில்லாமல் ஆறு வற்றிப்போகிறது. பிரசங்கங்களில் காகங்களுக்குக் கிடைக்கும் இடம் வற்றிய ஆற்றுக்குக் கிடைப்பதில்லை. குற்றாலத்துக்காரருக்கு அது புரியவேண்டும். ஆனியில் சாரல் பொய்த்தால் பேரருவி பாறையோடு ஒட்டிய நூலாகிவிடும்; கீழே சிற்றாற்றுப் பாசனத்துக் குளங்கள் பெருகாது; கார் சாகுபடி போய்விடும். அருவிக்கரையில் கடை போட்டவர் கடனாளியாவார். ஆறு வற்றியதற்கு எலியாவின் அவிசுவாசம் காரணம் என்று கதை சொல்லவில்லை. தேவன் காட்டிய இடமே வற்றியது. அதன் பிறகு அவர் காட்டியது ஓர் ஏழை விதவையின் வீட்டை. சீதோன் நாட்டுச் சாறிபாத்தில், கடைசிப் பிடி மாவைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள்.

அந்தப் பிடி மாவுக்கு நிகரானது நம் வட்டாரத்தில் உண்டு: பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்படியில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். மிசோரம் திருச்சபையில் இதே வழக்கம் இன்றும் பெரிய வருவாய். வீட்டில் அரிசி குறைவான நாளிலும் கைப்பிடி எடுக்கப்படும். அன்று ஒரு கவளம் குறைவது பெரும்பாலும் சமைத்தவளுக்கே. 1903இல் வி.எஸ். அசரியாவும் மற்றவர்களும் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியப் பணத்தாலேயே அது நடக்கவேண்டும் என்று வகுத்தார்கள். நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் வரை மிஷனரிகளைத் தாங்கியது இத்தகைய சிறு காணிக்கைகள்தான். பரலோகத்திலிருந்து வந்ததாகச் சங்க அறிக்கைகள் துதிக்கிற பணம் அடுப்படி வழியாகவே வந்தது. விசுவாசிக்கு இவை இரண்டும் முரணல்ல. ஆய்வாளருக்கும் முரணாக இருக்க வேண்டியதில்லை.

டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் (1867–1951) இதே கொள்கையை ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பொருத்தினார். பணம் கேட்பதில்லை என்பது அவர் விதி. கேட்கவில்லை, ஆனால் எழுதினார், ஓயாமல் எழுதினார். 1931இல் விழுந்து அடிபட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு படுக்கையில் கிடந்தபோதும் எழுதினார். அந்த நூல்களும் கடிதங்களும் உலகெங்கும் வாசகர்களைச் சேர்த்தன. கேளாமை வேறு, சொல்லாமை வேறு. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதத் தெரியாத, ஆங்கிலம் அறியாத ஒரு கிராமத்து விசுவாச ஊழியர் அதே விதியைக் கடைப்பிடித்தால் விளைவு வேறாக இருக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டினி நம்புகிறவரின் பங்காகவே இருக்க வேண்டும் என்ற என் அளவுகோலுக்கு வலுவான மறுப்பு சாறிபாத் கதைக்குள்ளேயே இருக்கிறது. எலியா அந்த விதவையிடம் முதல் அடையைத் தனக்குச் செய்யச் சொல்கிறார். இன்றைய கன்வென்ஷன் பந்தல்களில் காணிக்கையை 'விதை' என்று சொல்லி, நூறு மடங்கு திரும்பும் என்று வாக்களிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த வசனம் அது. ஏழையின் பட்டினியைக் கொண்டு ஊழியக்காரரின் தேவை சந்திக்கப்படுகிறது. என் கணக்குப்படி இது தவறல்லவா? கதையின் அடுத்த பகுதியைப் பார்க்க வேண்டும். எலியா அடையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடவில்லை. அவள் வீட்டு மேல்மாடியிலேயே தங்குகிறார். அதே பானை மாவில், அதே கலசத்து எண்ணெயில் அநேக நாள் சாப்பிடுகிறார். மாவு தீர்ந்திருந்தால் அவருக்கும் பட்டினிதான். அவள் மகன் இறந்தபோது அவளுடைய கோபத்தை எதிர்கொள்ளவும் அவர் அங்கேயே இருந்தார். பந்தலில் விதை கேட்டவர் மறுநாள் காலை வேறு ஊரில் இருப்பார். விதைத்த பெண்ணுடைய வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.