கதவிடைக்கால் உத்தி

கதவிடைக்கால் உத்தி என்பது, ஒருவரை முதலில் ஒரு சிறு வேண்டுகோளுக்கு இணங்கவைத்து, அதன்மூலம் பின்னர் வரும் பெரிய வேண்டுகோளுக்கும் அவர் இணங்கும் வாய்ப்பைக் கூட்டும் முறை. சமூக உளவியலில் பிறர் நடத்தையை மாற்றும் வழிகளுள் மிகுதியாக ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. வீடு வீடாகச் செல்லும் விற்பனையாளர் கதவு சாத்தப்படாதபடி காலை இடையில் வைப்பதிலிருந்து இப்பெயர் வந்தது.

முதல் சோதனைகள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் இருவரும் நடத்திய ஆய்வு 1966இல் வெளியானது. ஐந்தாறு ஆண்கள் வீட்டுக்குள் வந்து, இரண்டு மணி நேரம் அலமாரிகளைத் திறந்து பொருள்களைக் கணக்கெடுக்கலாமா என்று கலிஃபோர்னியா இல்லத்தரசிகளிடம் கேட்டனர். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் 22 விழுக்காட்டினரே சம்மதித்தனர். மூன்று நாள் முன்பு தொலைபேசியில் சோப்பு பற்றிய சில கேள்விகளுக்கு விடை சொல்லியிருந்தவர்களில் 53 விழுக்காட்டினர் சம்மதித்தனர்.

இரண்டாம் சோதனையில், கவனமாக வண்டி ஓட்டச் சொல்லும் பெரிய, அழகற்ற பலகையை வீட்டு முகப்பில் நடக் கேட்டனர். நேரடியாகக் கேட்டபோது 17 விழுக்காட்டினர் ஒப்பினர். சாலைப் பாதுகாப்பு பற்றிய சிற்றட்டையைக் காட்சிக்கு வைக்க இரண்டு வாரம் முன்பு ஒப்புக்கொண்டவர்களில் இது 76 விழுக்காடு. கலிஃபோர்னியாவை அழகாக வைத்திருக்கக் கோரும் மனுவில் கையொப்பமிட்டிருந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்பினர். இத்தனைக்கும் இரண்டாம் முறை கேட்டவர் வேறு ஆள், பொருளும் வேறு.

விளக்கம்

மனிதர் தம் செயலைப் பார்த்தே தம் இயல்பை அறிகின்றனர் என்பது டேரில் பெம் முன்வைத்த தன்னுணர்வுக் கோட்பாடு. சிறு உதவி செய்தவர் ‘நான் பொதுக் காரியங்களில் ஒத்துழைப்பவன்’ என்று தம்மைக் கருதத் தொடங்குகிறார். அடுத்த வேண்டுகோளை மறுப்பது அந்தப் பிம்பத்தோடு முரண்படுகிறது.

வரம்புகள்

முதல் உதவிக்குக் கூலி தந்தால் விளைவு மங்குகிறது. செய்தவர் அதைத் தம் இயல்பாகக் கொள்வதில்லை. ஒரே ஆள் இடைவெளியின்றி அடுத்ததைக் கேட்டாலும் பயன் குறைகிறது. பிற்காலத் தொகுப்பாய்வுகளில் கிடைத்த சராசரி விளைவு, முதல் ஆய்வில் கண்டதைவிடச் சிறியது.

தொடர்புடைய உத்தி

ராபர்ட் சியால்டினி குழுவினர் 1975இல் இதன் தலைகீழ் வடிவத்தை ஆராய்ந்தனர். மறுக்கப்படும் என்று தெரிந்தே பெரியதை முதலில் கேட்டு, பிறகு சிறியதற்கு இறங்கிவரும் முறை அது.

நன்கொடை திரட்டல், கையெழுத்து இயக்கம், விற்பனை ஆகியவற்றில் கதவிடைக்கால் உத்தி பயன்படுகிறது. வற்புறுத்தல் வெளியே தெரியாததால், இணங்குபவர் அதைத் தம் சொந்த முடிவென்றே எண்ணுகிறார். உத்தியின் வலிமையும், அது தவறாகப் பயன்படுவதற்கான இடமும் இதுவே.